பதினொரு பேர் பதில் போட்டிருக்காங்க

என்னங்க,

நீங்க தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்பல. நான் கிளினிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர் பண்றவர் வருவார். வேலை முடியிற வரைக்கும் கூடவே நில்லுங்க.

கம்ப்யூட்டரை மூடாம விட்டுட்டீங்க. மெக்கானிக்குங்க பேசிக்கிற அந்த ஃபோரம் திறந்தே கிடந்தது. “வேலை போய் மூணு வாரம் ஆச்சு, பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது?”ன்னு கேட்டிருக்கீங்க. நாலு நாள் கழிச்சு, “ஒரு ஆளும் வாயத் திறக்கலையே”ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

திறந்திருக்காங்க, பதினொரு பேர். பதில் எழுதுறவங்க உங்க பதிவுக்கு நேர் கீழே இருக்கிற ‘பதில்’ பட்டனை அழுத்தினாத்தான் உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் வரும். அவங்க எல்லாரும் பக்கத்தோட அடியில தனித்தனியா எழுதிட்டுப் போயிட்டாங்க. கடைசி வரைக்கும் தள்ளிப் பாருங்க. ரெண்டு பேர் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம்கூடச் சொல்லியிருக்காங்க.

நேத்து “ஏன் இப்படி எரிஞ்சு விழுறீங்க?”ன்னு கத்தினேன். காரணம் தெரியாமக் கத்தினது.

பின்குறிப்பு: பன்னிரண்டாவது பதில் என்னோடது. புதுசா ஒரு கணக்கு தொடங்கி, சரியான பட்டனைத்தான் அழுத்தியிருக்கேன். உங்க போன்ல வந்திருக்கும்: “வீட்டுல தெரிஞ்சுபோச்சு. இனிமே வேலைக்குப் போற மாதிரி பையைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்.”