மைக்கில் படித்த பெயர்

மயிலாப்பூர் கடற்கரைக் குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஆனந்தகுமாருக்கும் மருமகள் ஜெயஸ்ரீக்கும், அப்பா மாசிலாமணி சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஷீலா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், பெரிதாகக் குறையில்லை. அவளுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. ஆனாலும் மீன் கூடையை விட மாட்டேன் என்கிறாள். கோயம்புத்தூர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? போனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுகிறாய், உன் அம்மா அழுதுவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

கவுன்சிலர் தேர்தலுக்குக் குப்பமே சேர்ந்து நம் தெருப் பெண் காவேரியை நிறுத்தியிருக்கிறது. கல்யாணமான ஆண்கள் எல்லோரும் அதற்குத் தலைக்கட்டு வரி கொடுக்க வேண்டும் என்று பஞ்சாயத்தில் முடிவானது. நான் கடலுக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து நம் வீட்டுக்குத் தலைக்கட்டு நீதான். நீயும் அனுப்பினாய். அதுவரை சரி. கோயில் மைக்கில் பெயர்களைப் படித்த வடிவேலு, உன் பெயர் வந்ததும் பூரித்துப்போய், "பேப்பர்காரரே நம்ம பக்கம் கீறாரு, இனி இன்னா வேணும்!" என்று கத்திவிட்டான். எவனோ அதைச் செல்போனில் பிடித்து ஊரெல்லாம் பரப்பிவிட்டான். இப்போது கேட்டால், "பெருமையாத்தானே மாமா சொன்னேன், இதுக்கா வேலைல கைவைப்பானுங்க?" என்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆடித் திருவிழா வரிக்கும் அவன் அப்படித்தான் கத்துவான்.

வரியைத் திரும்ப வாங்கு, தப்பு என்று எழுதிக்கொடு, இல்லையென்றால் வேலையை விடு என்று உன் பத்திரிகை ஆபீஸில் சொன்னதாக ஜெயஸ்ரீ சொன்னாள். "என் ஊரு, என் காசு, இதுல ஆபீஸுக்கு இன்னா வேலை நைனா?" என்று நீ அன்றைக்குக் கேட்டாய். நியாயம்தான். உன் முதலாளி எந்தக் கட்சிக்கு என்ன கொடுத்தார் என்று எந்த மைக்கில் படித்தார்கள்?

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ரோட்டோரம் மீன் விற்கக் கூடாது என்று கார்ப்பரேஷன்காரர்கள் நம் பெண்களை விரட்டிய வருஷம், கைசர் ஜஹான் என்று ஒரு பத்திரிகைக்கார அம்மா வந்தது. நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய், கையெல்லாம் சிரங்கு. உன் அம்மா நல்ல வஞ்சிரமாக எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். அது வாங்கவில்லை. டீ கூடத் தன் காசில்தான் குடித்தது. "நம்ம மீனு நாறுதாமா அவங்களுக்கு?" என்று உன் அம்மா இரண்டு நாள் பொருமினாள். விரட்டியது தப்பு என்று பேப்பரில் வந்தது. செதிலையும் குடலையும் நாம் ரோட்டிலேயே கொட்டுகிறோம் என்றும் வந்தது. குப்பமே அந்த அம்மாவை ஏசியது. ஆனால் கோர்ட்டில் நம் வக்கீல் நீட்டியது அந்தப் பேப்பரைத்தான். அது இவர்கள் ஆள் எழுதியது என்று சொல்ல எதிர்த் தரப்பால் முடியவில்லை. நம் பெண்கள் திரும்ப வந்து கடை விரித்தார்கள்.

நாளைக்கு மறுபடியும் விரட்டுவார்கள். நீ எழுதினால், வடிவேலு கத்தியதைப் போட்டுக் காட்டுவார்கள். காவேரியே நேற்று வீட்டுக்கு வந்து, "அண்ணன் காசைத் திருப்பிக் குடுத்துடறேன் சித்தப்பா. நான் ஜெயிச்சுத் தப்பு பண்ணா பேப்பர்ல கிழிக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

பஞ்சாயத்தார்தான் ஒப்பவில்லை. வரியைத் திரும்ப வாங்கினால் தலைக்கட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். பெயர் இல்லாத வீட்டில் சாவு விழுந்தால் ஊர் தொழிலை நிறுத்தாது, போட்டுகள் கடலுக்குப் போகும். உன் அம்மா அழுவது அதற்குத்தான். ஆபீஸுக்குப் பதில் கொடுக்காமல் நீ இழுப்பதும் அதற்குத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

கொடுக்க உனக்கு உரிமை உண்டு என்று நினைத்தால் அப்படியே எழுதிக்கொடு. வேலை போனாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். எழுதுகிறவன் எந்தப் பக்கமும் சேரக் கூடாது என்று நினைத்தால் பெயரை எடுக்கச் சொல். என் சாவை நினைத்து மட்டும் முடிவு செய்யாதே. அன்றைக்குப் போட்டுகள் போனால் போகட்டும். கடல் நன்றாக இருக்கிற நாளில் எதற்கு நாலு வீட்டுப் பிழைப்பைக் கெடுப்பது? உன் அம்மாவை நான் சமாதானம் செய்துகொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நல்லபடியாக இருக்க வேண்டும். எது செய்தாலும் செய். அந்தச் சேதி வந்தால் மட்டும், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாமல் வந்துவிடு.

உன் அப்பா,
மாசிலாமணி