வெற்றிலைக் காம்பு

அக்காவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. நீ வேலை செய்யும் மில்லுக்குத் திரும்பும் ரம்யாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பிள்ளையின் வயிற்றைப் பார்த்து, "இன்னாடா பண்ணையாரே, சாப்ட்டியா?" என்று நம் ஊர் கரியாலூரே கேலி செய்யுமே, அது தொப்பை இல்லையாம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். குடலில் துளி சதை கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். குடலின் கடைசித் துண்டில் பிறவியிலேயே நரம்பு இல்லையாம். நரம்பு இருந்தால்தான் குடல் தள்ளுமாம். குடலுக்கும் நரம்பு உண்டு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

"ரெண்டு வருஷமா எப்படிம்மா வெளிக்குப் போனான்?" என்று டாக்டர் கேட்டார்.

வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்போம், எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் என்றேன். அவர் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தார்.

"அந்தக் காம்புதாம்மா இவனை உயிரோட வச்சிருக்கு. நோயை மறைச்சதும் அதுதான்."



வரும் வெள்ளிக்கிழமை அந்தத் துண்டை வெட்டி எடுக்கிறார்கள். "உங்கம்மா யாருடா?" என்று நர்ஸ் கேட்டதும் அவன் என்னைக் காட்டினான். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

கிளம்பி வா, அக்கா. அவன் கண் விழித்ததும் மறுபடியும் அதைத்தான் கேட்பார்கள்.

உன் தங்கச்சி