நாற்பத்தொன்றின் கால் வளையம்

மார்ச் 3

ஆய்வகத் தலைவர் அம்மையாருக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்கும் நிலையில் நான் இல்லை. கணவன் மனைவியாக இருந்து பிரிந்த இரண்டு வருடத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம் ஒரு கோழியைப் பற்றியது. சிரிக்காதே.

நாற்பத்தொன்றாம் எண் வளையம் போட்ட நம் கோழியை மறந்திருக்க மாட்டாய். கோழிக்கு நோய் எதிர்ப்பு தரும் இரண்டு மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கிருமியின் துண்டைச் சுமந்து வரும். மற்றது அதை வாங்கிச் செல்லுக்கு வெளியே காட்டும். தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்கு ஏற்ப மற்றதும் மாறி, ஜாடிக்கேற்ற மூடியாக வந்தவை. ஜாடி ஒரு வகை, மூடி வேறு வகை என்று அந்த ஜோடி பிரிந்து பிறந்த ஒரே குஞ்சு நாற்பத்தொன்று. கிருமியைக் கொடுத்தும் நான்கு வருடம் கல்லுக்குண்டாக வாழ்ந்தது. ஜோடி அவ்வளவு அவசியமில்லை என்று இருவரும் கட்டுரை எழுதினோம். ஊரே மெச்சியது.

நேற்று, புது இயந்திரம் வந்திருக்கிறதே என்று, குழாய்களில் உறையவைத்திருந்த அதன் பழைய இரத்தத்தைச் சோதித்தேன். குஞ்சில் எடுத்ததும் வளர்ந்தபின் எடுத்ததும் வேறு வேறு கோழியுடையவை. தலையில் இடி விழுந்ததுபோல் உட்கார்ந்திருக்கிறேன். குழாய் மாறியதா? அப்போது கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் நீ.

கோழிக்காரன்

மார்ச் 9

கோழிக்காரருக்கு,

குழாய் மாறவில்லை. கோழிதான் மாறியது. மாற்றியவள் நான்.

கிருமி கொடுத்த ஒன்பதாம் நாள் காலை, நாற்பத்தொன்று தண்ணீர்க் கிண்ணத்தருகே விறைத்துக் கிடந்தது. நீங்கள் மருத்துவமனையில் உங்கள் அப்பாவின் பக்கத்தில் இருந்தீர்கள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் கேட்டீர்கள்: "நாற்பத்தொன்னு எப்படியிருக்கு? அதாச்சும் பிழைக்கட்டும்."

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மதியம் உங்கள் அப்பா போய்விட்டார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, அதன் கால் வளையத்தைக் கழற்றிக் கூடப்பிறந்ததற்கு மாட்டினேன். இரண்டும் ஒரே வெள்ளை. செத்தது கூடப்பிறந்தது என்று பதிவேட்டில் எழுதினேன். கூடப்பிறந்ததற்கு மரபணு ஜோடி பிரியவில்லை, அதனால்தான் பிழைத்தது. பிறகு யாரும் மரபணுவைப் பார்க்கவில்லை, வளையத்தைத்தான் பார்த்தோம்.

உங்கள் துக்கம் ஆறியதும் சொல்ல நினைத்தேன். நாளை நாளை என்று வருடங்கள் தள்ளினேன், நீங்கள் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தக் கட்டுரையால்தான் எனக்கு இந்தத் தலைவர் நாற்காலி. நீங்கள் வீட்டை விட்டுப் போன அன்று, "பிரிஞ்சா செத்தா போயிடுவோம்? நாற்பத்தொன்னைப் பாரு" என்றீர்கள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கோபத்தில் விழுங்கிவிட்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள். என் செயல் என்றே எழுதுங்கள். நாற்காலி போனால் போகட்டும்.

உங்கள் பழைய வீட்டுக்காரி

மார்ச் 16

முட்டைக்கண்ணிக்கு,

கடிதத்தை நின்றபடி படித்தேன். மூன்று நாள் உன்னைத் திட்டினேன், ஆளில்லாத வீட்டில் சத்தமாகவே. நான்காம் நாள் உன் மேல் குற்றம் சுமத்த ஆதாரம் தேடி என் பழைய நோட்டைப் புரட்டினேன்.

அப்பா இறந்த மறுவாரம் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'நாற்பத்தொன்று: இடது இறக்கையில் கறுப்புப் புள்ளி இல்லை. இறகு உதிர்ந்திருக்கும்.' அந்தப் புள்ளி இறகில் இல்லை, தோலில் இருந்தது. குஞ்சு பொரித்த அன்றே தடவிப் பார்த்தவன் நான். அது வேறு கோழி என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை மூடிவைக்க அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது. பிறகு நிஜமாகவே மறந்துபோனேன்.

நீ என் துக்கத்துக்காகப் பொய் சொன்னாய். நான் பேர் புகழுக்காக அதை நம்பினேன். இதில் யாரை யார் மன்னிப்பது?

திரும்பப் பெறும் கடிதம் மேஜையில் இருக்கிறது. பிழை இருவருடையது என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன், பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். நேரில் வந்து போடு.

ஜோடி பிரிந்த நாற்பத்தொன்று ஒன்பது நாள்தான் தாங்கியது. நாம் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறோம். எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கோழிக்காரன்