எதிர்வீட்டுக்கு ஒரு சொம்பு கூழ்

நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் வீட்டுக்காரருக்கு,

நம் நகர் நலச் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. மறைந்தவர்களுக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் கேட்கிறார்கள். செயலாளர் நேரில் வந்து, "நல்லதா நாலு வார்த்த எழுதுங்கம்மா" என்றார். நல்லதாக என்றால் எப்படி என்று திருப்பிக் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதே சந்தேகம். நல்லதாக எழுதச் சொல்கிறவர்கள் எதையோ எழுதாதே என்கிறார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நீங்கள் போன பிறகு மாடி அறை பூட்டியே கிடந்தது. ஆனி மாதத்தில் நம் மகன் அயர்லாந்திலிருந்து பேசினான். அவன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மகள், நோரா என்று பெயர், இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வருகிறாளாம். "ஓட்டல் வேணாங்கிறாம்மா. ஜனங்களோட இருக்கணுமாம். கொஞ்ச நாள் நம்ம மாடியில இருக்கட்டுமே" என்றான். ஜனங்களோடு இருந்து எதைப் பார்க்கப் போகிறாள்? கேட்டால் சிரிக்கிறான். உங்கள் சிரிப்பேதான்.

ஆவடி நிலையத்துக்கு நானே போய் அழைத்து வந்தேன். ஷேர் ஆட்டோக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னா ஆயா, ஃபாரின் மருமவளா? சொல்லவே இல்ல!"

"மருமகள் இல்லை, விருந்தாளி. ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"கோச்சுக்காத ஆயா. இன்னா பாப்பா, எங்க ஆவடி எப்டி கீது?"

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, "மிகவும் நன்றாக இருக்கிறது" என்றாள். ஃபோனைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம்.

"ஐயோ, நம்மளவிட சுத்தமா பேசுதே!" என்று அவர் ஹாரனை அடித்தார். ஆட்டோ முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

வந்த நாளிலிருந்து அவளைக் கவனித்தேன். போர்வையை ஒழுங்காக மடித்தாள். குளியலறையில் ஒரு முடி கிடக்கவில்லை. என் மல்லிகைச் செடியைப் படம் எடுக்கக்கூட என்னிடம் அனுமதி கேட்டாள். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போனால் பறவைகளைப் படம் எடுத்தாள், குப்பையை எடுக்கவில்லை. பிள்ளைகள் ஓடி வந்து ஃபோட்டோ எடு என்று நின்றபோது, அம்மா எங்கே என்று கேட்டாள். இவ்வளவு மரியாதை யாருக்கு வரும்? ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போக வந்தவர்களுக்குத்தான் வரும் என்று எனக்குத் தோன்றியது.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. அவள் நம்மைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதிதாக ஒருவர் வந்தால் காபி ஆறுவதற்குள் எந்த ஊர் என்பார்கள். அடுத்தது, ஊரில் எந்தத் தெரு. அதற்கும் பிடி கிடைக்காவிட்டால், எந்தக் கோயிலில் பொங்கல் வைப்பீர்கள். யாரும் சாதியைக் கேட்பதில்லை, ஆனால் காபி முடியும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கேட்காமல் இருப்பவர் என்றால் ஒரே அர்த்தம்தான்: அவருக்கு முன்பே யாரோ சொல்லிவிட்டார்கள்.

மகனுக்கு ஃபோன் போட்டேன். "நம்மைப் பற்றி அவளிடம் என்ன சொன்னாய்?"

"என்னம்மா சொல்றதுக்கு இருக்கு? நீ நல்லா சமைப்பேன்னு சொன்னேன்."

"அது பொய் என்று எனக்கே தெரியும். வேறு என்ன சொன்னாய்?"

"அம்மா, வை ஃபோன."

நான் எதற்கு இப்படிப் பயந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்களும் நானும் ஊருக்கு வெளியே இருந்த காலனியில் பிறந்தவர்கள். நீங்கள் தொழிற்சாலையில் ஃபோர்மேன் ஆகி, நான் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து, இந்த மனையை வாங்கினோம். ஒரு காலத்தில் உங்கள் அம்மா களை பறித்த வயல் இது. வயல் எதிர்வீட்டுக் கனகம்மா குடும்பத்துடையது.

ஒரு முறை யாரோ கேமராவோடு காலனிக்கு வந்தார்கள், நினைவிருக்கிறதா? மிகவும் மரியாதையானவர்கள். குழாயடியில் குடத்தோடு நின்ற உங்கள் தங்கையை எடுத்தார்கள். பிறகு அந்தப் படம் எங்கேயோ அச்சாகி வந்தது. அடியில் அவள் பெயர் இல்லை. இன்னாருடைய நிலைமை என்று சாதியின் பெயர் மட்டும் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. கான்வென்டில் படித்து, கணக்குத் தப்பாமல் வேலை பார்த்து, தலை நிமிர்ந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசியில் பெயரில்லாத ஒரு படமாக அயர்லாந்துக்குப் போக வேண்டுமா?

இந்த நேரத்தில் கனகம்மா உள்ளே வந்தார். உள்ளே என்றால் கேட் வரைக்கும்.

"சரோஜாம்மா, அந்தப் பாப்பாவ இன்னிக்கி நம்ம ஊட்டாண்ட அனுப்பு. மீன் கொயம்பு வெச்சிகீறேன். பாவம், எளச்சிப் போச்சி."

இத்தனை வருடத்தில் என்னை அவர் அப்படிச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. அவர் வீட்டுப் பொங்கலும் பாயசமும் நம் கேட்டுக்கு வரும். நம் வீட்டிலிருந்து அவர் வாங்கிக்கொள்வது உரிக்காத வாழைப்பழம், உடைக்காத தேங்காய். சமைத்தது எது கொடுத்தாலும் விரதம். திங்களில் சிவன், செவ்வாயில் அம்மன், சனியில் பெருமாள். ஞாயிற்றுக்கிழமை பல் வலி. "இந்தம்மா பட்டினி கெடக்கறதுக்கு எல்லா சாமியும் சேந்து கோயில் கட்டணும்" என்பீர்கள். சிரித்தே விட்டுவிடுவீர்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை, அன்றும் இன்றும்.

நோரா போய்ச் சாப்பிட்டு வந்தாள். வந்து பேசாமல் மாடிப்படியில் உட்கார்ந்தாள். சரி, நம்மைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். இங்கிலீஷில் நேராகவே கேட்டேன். அங்கே என்ன பேசினார்கள்?

"எந்தச் சர்ச்சுக்குப் போகிறாய் என்று அவர் மகன் கேட்டார். உங்கள் வீட்டுச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்கிறதா என்றும் கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பாவாடையின் பட்டன் போட முடியவில்லை என்றேன்."

"எங்களைப் பற்றி நீ ஏன் எதுவும் கேட்பதில்லை?"

படியில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள். அவள் பிறந்தது வட அயர்லாந்தில் ஒரு ஊர். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று இரண்டு தரப்பு. இரண்டுக்கும் நடுவில் சுவர், சுவரில் கதவு. அங்கே புதியவரிடம் மதத்தைக் கேட்கமாட்டார்கள், எந்தப் பள்ளியில் படித்தாய் என்பார்கள். பள்ளியின் பெயரிலேயே எல்லாம் தெரிந்துவிடும். அவள் அப்பா வாலிபத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு தெருமுனையில் பதில் சொல்லி, அடி வாங்கி, ஒரு காது கேட்காமல் போனவர். "யாரையும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காதே என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். முதல் நாளே நீங்கள் கான்வென்டில் படித்தேன் என்றீர்கள். நான் பேச்சை மாற்றினேன். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவரிடம் அதை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்."

நான் பெருமையாகச் சொன்னது அவளுக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. நம்பினேனா என்று கேட்கிறீர்களா? பாதி நம்பினேன். மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. போன வருடம் துக்க வருடம், கூழ் ஊற்றவில்லை. இந்த வருடம் நீங்கள் செய்ததுபோலவே நம் வாசலில் ஊற்றினேன். என் தம்பி வந்து அம்மனுக்குப் படையல் போட்டான். கேழ்வரகை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, அண்டாவுக்கு வேப்பிலை கட்டி, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. தெருவில் பிளாஸ்டிக் மக்கால் மொண்டு ஊற்றுகிறார்கள். நான் பெரிய எவர்சில்வர் கரண்டிதான்.

ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், காய்கறி வண்டிக்காரர், காலனிப் பெண்கள் என்று வரிசை நின்றது. அந்த ஆட்டோக்காரரும் வந்துவிட்டார். எனக்கு முழங்கால் வலித்தது. "நான் ஊற்றட்டுமா?" என்று நோரா கேட்டாள். கரண்டியைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கனகம்மா ஒரு சொம்போடு தெருவைக் கடந்து வந்தார். ஆமாம், சொம்போடு. என் மனம் ஒரு நொடி பொங்கியது, பொய் சொல்லமாட்டேன். அவர் நேராக அண்டாவுக்கு வந்து, என் பக்கம் திரும்பாமல் சொம்பை நீட்டினார்.

"பாப்பா, நீ ஊத்து கண்ணு. உன் கையால வாங்கிக்கிறேன்."

தெரு பார்த்தது. நான் கரைத்த மாவு, நான் காய்ச்சிய கூழ், என் அண்டா. வெள்ளைக் கை பட்டால் அது வேறு கூழ் ஆகிவிடுமா? இதற்குப் பல் வலியே தேவலாம்.

எனக்கு இரண்டு பயம். இவள் ஊற்றிவிட்டால், என் வாசலிலேயே என் கை தள்ளிவைக்கப்பட்ட கை ஆகிவிடும். நியாயம் பேசுகிறேன் என்று இவள் கனகம்மாவை நாலு பேர் எதிரில் கேள்வி கேட்டாலோ, விமானம் ஏறிப் போய்விடுவாள், இந்தத் தெருவில் இருக்கப் போவது நான். விருந்தாளியின் நியாயத்துக்கு வீட்டுக்காரர் அல்லவா வாடகை கொடுக்க வேண்டும்?

நோரா சொம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "அம்மா வீடு. அம்மா கூழ்" என்று தெரிந்த தமிழில் சொன்னாள். கரண்டியின் பிடியைத் துடைத்து என் கையில் வைத்தாள். பிறகு ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு போய், வரிசையில் கனகம்மாவுக்குப் பின்னால் நின்றாள். அவ்வளவுதான்.

நான் எழுந்தேன். கனகம்மா சொம்பை நீட்டியபடியே நின்றார். மடக்கவும் முடியவில்லை, என் பக்கம் நீட்டவும் முடியவில்லை.

"இன்னா பாட்டி, வாங்கிக்கினு நவுரு! பின்னால லைன் நிக்குதுல்ல!" ஆட்டோக்காரர் குரல்.

"கனகம்மா, ஊற்றட்டுமா, வேண்டாமா?" என்று நான் கேட்டேன்.

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஊத்தேன் சரோஜாம்மா. பாத்துகினே கீற!"

ஊற்றினேன். முந்தானையால் சொம்பை மூடிக்கொண்டு அவர் உள்ளே போனார். குடித்தாரா? தெரியாது. கொல்லைப்புறச் சாக்கடையில் ஏதாவது ஊற்றும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் சொம்பு தேய்த்துக் கழுவி அவர் மதில்மேல் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவிய சொம்பு எதற்கும் சாட்சி ஆகாது.

நோரா கிளம்பும் நாளில் என்னை ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள், என் முழுப் பெயரை எழுது என்றேன். எழுதியதை வாங்கிப் பார்த்து எழுத்தைத் திருத்தினேன். உங்கள் ஊரில் எங்களைப் பற்றி என்ன சொல்வாய் என்றும் கேட்டேன். "இன்னும் தெரியவில்லை, ஆன்ட்டி" என்றாள். சட்டென்று ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்; இந்தப் பதிலுக்கு மீதிப் பாதியையும் நம்பினேன்.

இதை மலருக்கு எழுத உட்கார்ந்ததும் எனக்கே உறைத்தது. அந்தக் கேமராக்காரர்கள் உங்கள் தங்கைக்குச் செய்ததை நான் கனகம்மாவுக்குச் செய்யக்கூடாது. தெருவைக் கடந்து போனேன். கேட்டுக்கு வெளியே நின்றே விஷயத்தைச் சொல்லி, எழுதலாமா, பெயர் போடலாமா என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"எய்திக்கோ. என் பேரயும் போட்டுக்கோ. தல குனியறதுக்கு நான் இன்னா பண்ட்டேன்?" ஒரு காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, "உன் கூழ்ல உப்பு ஒரு கல்லு கம்மி. அதயும் சேத்து எய்து" என்றார்.

உப்பு குறைவாம்! என் கூழில்!

வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குடிக்காமல் உப்பு எப்படித் தெரியும்? ஆனால் அந்த ஆட்டோக்காரர் எல்லோரிடமும் எல்லாவற்றையும் உளறுகிறவர். அவர் சொல்லிக் கேட்டிருக்கலாம். அல்லது கனகம்மாவின் பேரன் குடித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். நீங்கள் இருந்திருந்தால், "குடிச்சாங்கடி, உடு" என்றிருப்பீர்கள். நான் அப்படி விடுகிறவளா?

அடுத்த ஆடியிலும் ஊற்றுவேன், சத்தியம். முழங்கால் கழன்றாலும் கரண்டியை யார் கையிலும் தரமாட்டேன். உப்பு டப்பாவை அண்டாவுக்குப் பக்கத்திலேயே வைப்பேன். குறைகிறது என்கிறவர் அங்கேயே, என் கண்ணெதிரில், குடித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
சரோஜினி