நீ பிடுங்கிப் போட்ட வாசனைச் செடிகள்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் சின்னவளும் அங்கே நோய்நொடியில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, நான்கு வருடமாக அப்படியே சொல்லிப் பழகிவிட்டது, இந்தத் தடவை அதை எழுதப் போவதில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். இருப்பது ஒரே போன், அது உன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீ பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் இருவரும் கேட்கிறோம். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு இந்த வீட்டில் வழியில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. இடது கண் சுத்தமாகப் போய்விட்டது, வலது கண்ணில் சாவித் துவாரத்தில் எட்டிப் பார்க்கிற அளவுக்கு நடுவில் மட்டும் கொஞ்சம், அதுவும் மங்கல். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போகிற நோயாம், போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டிய மனுஷன், ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குத் தெரிஞ்சா வீட்டப் பூட்டி நம்மளத் தூக்கிட்டுப் போயிடுவான், மூச்சு விடாத என்றார். நீயும் அதற்கு முந்தின வருடம்தான் எங்களில் யாருக்காவது முடியாமல் போனால் இங்கே விட்டுவைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாய். நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், நீயும் வருடத்துக்கு ஒரு தடவை வந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனாய்.

தோட்டத்துக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது காடு மாதிரி கெடக்கும்மா என்றாயே, அது காடு இல்லை. பார்வை குறையத் தொடங்கியதுமே உன் அப்பா யோசித்து யோசித்து நட்டது. படி இறங்கினதும் முழங்காலில் உரசுகிற மாதிரி கற்பூரவல்லி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்புகிற முக்கில் மரிக்கொழுந்து, துணிக் கம்பி கழுத்தில் மாட்டாமல் இருக்க அதற்கு இரண்டடி முன்னால் திருநீற்றுப்பச்சிலை, மோட்டார் அறை வாசலில் எலுமிச்சை, கேட்டருகே நொச்சி. எனக்குப் பிடித்தது குண்டுமல்லி, நாலு வரிசை கேட்டேன், ஒரே ஒரு செடிதான் வைத்தார். பூவ நம்பி நடக்க முடியாது, இன்னைக்கு மணக்கும் நாளைக்குக் கொட்டிடும், இலைதான் தொட்ட நேரமெல்லாம் வாசனை தரும் என்பார். கையால் தடவினால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று காலால் உரசிக்கொண்டே போவார். ஐயாவுக்குச் செடின்னா எவ்வளவு பிரியம், ஒட்டி ஒட்டி நடக்குறாரு என்று எதிர்வீட்டு டெய்லரம்மா சிரிப்பாள், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். அப்படித்தான் நாலு வருடம் யார் கையையும் பிடிக்காமல் கேட்டுக்குப் போய்ப் பால் பாக்கெட் எடுத்தார், மோட்டார் போட்டார், காய்ந்த துணியை எடுத்து வந்தார்.

என்னைக் கேட்காமல் செய்தாய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கேட்டாய். எல்லாத்தையும் எடுத்துட்டு அழகாப் பண்ணித் தரட்டுமாம்மா என்றாய். வேண்டாம் என்றால் ஏன் என்பாய், அதனால் உன் இஷ்டம் என்றேன். இன்னொன்றையும் மறைக்கவில்லை, தினமும் சருகு கூட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது, டைல்ஸ் போட்டால் ஒரு வாளித் தண்ணீரில் வேலை முடியுமே என்று எனக்கும் ஒரு ஆசை. அந்த ஆசையை நினைத்தால் இப்போது பற்றி எரிகிறது. உன் ஆட்கள் வேரோடு பிடுங்கிப் போட்ட அன்று வீடு முழுக்க அப்படி மணத்தது, எல்லா வாசனையும் ஒன்றாகக் கலந்து எது எங்கே என்று தெரியாமல், உன் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ நட்ட குரோட்டன்ஸும் புல்தரையும் அந்த மஞ்சள் பூக் கொடியும் கண்ணுக்கு அழகுதான், ஒன்றிலும் ஒரு மணம் கிடையாது. அந்த மஞ்சள் பூப் பக்கம் கையை நீட்டி, அந்தச் செவப்பு நல்லா எடுப்பா இருக்குப்பா என்று அவர் உன்னிடம் சொன்னார். அப்பா கிண்டல இன்னும் விடல என்று நீ சிரித்தாய். பன்னிரண்டு நாள் ஒரே வீட்டில் இருந்தாய், ஒரு தடவைகூட அவர் உன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, சற்றுத் தள்ளி உன் தோளைப் பார்த்துத்தான் பேசினார். தெரியாமல் செய்தாய் என்று உனக்காக நானே பலதடவை வாதாடிப் பார்த்துவிட்டேன், இந்த ஒரு இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

நீ ஊருக்குப் போன நாலாம் நாள் பால் எடுக்கப் போனவர் திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் நேரே போய், நீ வைத்த கல் தொட்டியில் இடித்து விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது அப்போதுதான், பாத்ரூமில் வழுக்கியது என்று உனக்குச் சொன்னது பொய். அதற்குப் பிறகு அவர் படி இறங்கவில்லை. பழைய செடிகளையே மறுபடி நட்டுக்கொள்ளலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். மறுபடி முதல்லேர்ந்து பழக எனக்குத் தெம்பில்ல, விடு என்றார். நீயும் பதறிக்கொண்டு ஆளை அனுப்பாதே, நல்லது செய்யப் போய் அல்லல்பட்டது போதும்.

இத்தனையும் உன்னைக் குத்திக்காட்ட மட்டும் எழுதவில்லை. போன வாரம் கண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது பரம்பரையா வர்ற நோய், மகன் இருந்தா நாப்பது வயசு ஆனதும் கண் அழுத்தம் பாத்தே ஆகணும், வலிக்காது, ஓரத்துலேர்ந்து கொஞ்சங்கொஞ்சமாப் போயிடும், பாதி போன பிறகுதான் தெரியும் என்றார். வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவனுக்கு எங்க நாப்பது, அதுக்குள்ள பயமுறுத்தாத என்கிறார். உனக்கு நாற்பத்திரண்டு முடியப் போகிறது, அது அவருக்கும் தெரியும். அவருக்குக் கொடுத்த வாக்கை நான் இன்று உடைத்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் இதை மறைக்காதே, நாங்கள் மறைத்து மறைத்துப் பட்டது போதும், அந்தப் பழக்கம் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். இந்த வாரமே போய்ப் பரிசோதித்துவிட்டு முடிவைக் கடிதத்தில் எழுது, போனில் வேண்டாம். இனி இந்த வீட்டில் கடிதம் படிப்பது நான் ஒருத்திதான்.

நீங்கள் மூவரும் நூறு வயது நல்ல பார்வையோடு வாழ வேண்டும். எழுதி முடிக்கிற நேரத்தில் பேனாச் சத்தம் கேட்டு, யாருக்கு, படிச்சுக் காட்டு என்றார். இங்கே எல்லாரும் சௌக்கியம், அப்பா தினமும் தோட்டத்தில் உலாவுகிறார் என்று தாளைப் பார்த்துக்கொண்டே படித்தேன். நல்லா எழுதியிருக்க என்று பேனாவை வாங்கினார். விரலைப் பிடித்துத் தாளில் நான்தான் வைத்தேன். என் வரிகளின் மேலேயே கோணலாக ஏறிக் கிடப்பது அவர் கையெழுத்து.

இப்படிக்கு,
உன் அம்மா