பின் ரூமில் டவர் கிடைக்கிறது

வடகரை,
வியாழக்கிழமை, மழை விட்ட நேரம்.

தம்மாமில் இருக்கும் என் பாசமுள்ள அண்ணன் ஹுஸைஃபாவுக்கு, தங்கை ஹம்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நான் சுகம். உம்மா சுகம். அதீபா மதினியைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, அதனால் அந்த வரியை இப்போதைக்குக் காலியாக விடுகிறேன். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். உன் ரூமில் இருந்து லீவில் வந்த மன்சூர் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. என்னடா இவள், இருபத்து நாலு மணி நேரமும் ஆன்லைனில் கிடப்பவள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று சிரிப்பாய். வேறு என்ன செய்ய? உனக்கு நான் அனுப்பிய வாய்ஸ் நோட் எல்லாம் சாம்பல் நிற டிக்கோடு அப்படியே கிடக்கின்றன. உம்மா பேசினால் "சாப்பிட்டீங்களா, மழை உண்டா" என்று கேட்டுவிட்டு, "அவளைப் பத்தி மட்டும் பேசாதீங்க" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை மியூட் பண்ண முடியாது அல்லவா? அதுவும் மன்சூர் அண்ணன் உன் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "படிலே, படிச்சாத்தான் ஊறுகாய் பாட்டில தருவேன்" என்று சொல்லப் போகிறார். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் மன்சூர் அண்ணன் பயணம் சொல்ல வீட்டுக்கு வந்தார். லீவு முடிந்து போகிறவர்கள் கூட்டாளி வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்சல் வாங்கிக்கொள்வார்களே, அப்படி. உம்மா முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் டீயைக் குடித்துக்கொண்டே, "அப்புறம் மாமி, அதீபா மதினி ஆரியங்காவு தாய் வீட்டுல இருந்து எப்ப வருதாங்க?" என்று கேட்டார். உம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ எங்கடா போனா? உள்ள பின் ரூம்ல படுத்துக் கெடக்கா" என்றாள்.

அவர் நம்பவில்லை. உம்மா மகனுடைய குடும்பத்து மானத்தைக் காக்க மறைக்கிறாள் என்று நினைத்தார் போல. பக்குவமாக, "அப்ப ஒரு சலாம் சொல்லிக்கிடுதேன்" என்று மதினி நம்பருக்கு அடித்தார். ஸ்பீக்கரில் வந்தது பார், ஒரு பெண் குரல்: "நிங்ஙள் விளிக்குந்ந சப்ஸ்கிரைபர் பரிதிக்கு புறத்தாணு!"

தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாளாம். எங்கள் வீட்டுக்குள் இருக்கும் போனுக்கு மலையாளத்தில் பதில்! மன்சூர் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியாட்டி, நான் சொல்லல?" என்று என்னிடம் திரும்புகிறார், அவர் முதுகுக்குப் பின்னால் மதினி போனைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். "யாரு கூப்பிட்டா? எனக்கு மணியே அடிக்கலியே" என்றாள்.

உம்மா வாசலைப் பார்த்து, "மலைக்கு அந்தப் பக்கத்து டவருக்கு நம்ம வீட்டுக்குள்ள என்ன சோலி?" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அதன் பிறகு மன்சூர் அண்ணன் சொன்னதைக் கேட்டதும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தங்கச்சி மாஜிதாவின் நிச்சயத்துக்குப் போக மதினி கேட்டபோது உங்களுக்குள் பேச்சு முற்றி, "போனா அங்கனயே இருந்துக்கோ" என்று சொல்லி நீ வைத்துவிட்டாயாம். அது எங்களுக்குத் தெரியும், மதினி அழுததைப் பார்த்தோம். தெரியாதது இதுதான். கொஞ்ச நேரத்திலேயே உனக்கு மனசு கேட்காமல் சமாதானம் பேச நீ திருப்பிக் கூப்பிட்டிருக்கிறாய். அப்போது இந்த மலையாளக்காரி பேசியிருக்கிறாள். மறுநாளும் அவளே. உடனே நீ மதினி கோபித்துக்கொண்டு மலை தாண்டிக் கேரளாவில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று முடிவு கட்டிவிட்டாய். "போயிட்டாடே, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டா" என்று சொல்லிச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாயாமே.

அண்ணா, அவள் போகவே இல்லை. சொந்தத் தங்கச்சி நிச்சயத்துக்குக்கூடப் போகவில்லை. நீ சொன்னதற்காக மட்டும் இல்லை. உம்மாதான், மலைப் பாதையில் பஸ் குலுக்கும், இப்போது வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். ஏன் என்று என்னிடம் கேட்காதே.

நீ கூப்பிட்ட நேரமெல்லாம் அவள் அந்தப் பின் ரூமில்தான் இருந்தாள். மேற்கே பார்த்து ஜன்னல் வேண்டும், மலை தெரிய வேண்டும் என்று கொத்தனாரிடம் வீடியோ காலில் சண்டை போட்டு நீ வைத்த ஜன்னல் இருக்கிறதே, அதன் வழியாகத்தான் கேரளாக்காரன் டவர் உள்ளே வருகிறது. நான் போனை வைத்துப் பார்த்துவிட்டேன். முன் வாசலில் தமிழ்நாடு. ஹாலில் ஒரே ஒரு சிக்னல் கட்டம். பின் ரூமுக்குள் கால் வைத்ததும் கேரளா, அதுவும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு அறுந்து போகிறது. செட்டிங்ஸில் போய்த் தமிழ்நாட்டு டவரையே பிடி என்று கட்டிப் போட்டால் கட்டமே இல்லை. வைஃபை கேபிள் நம் தோப்பு வரைக்கும் இன்னும் இழுக்கவில்லை.

முன்பெல்லாம் மொட்டை மாடிக்கு ஏறி உன்னிடம் பேசுவாளே என்று கேட்பாய். இப்போது உம்மா அவளை மாடிப் படியில் ஏற விடுவதில்லை. சாரலில் படி வழுக்குமாம். எனக்கும்தானே வழுக்கும்? என்னை மட்டும் துணி எடுக்க மேலே விரட்டுகிறாள்! அதையும் கேட்காதே.

முன் ரூமில் படுத்துக்கொள்ளுங்கள் என்று மதினியிடம் சொன்னேன். கேட்க மாட்டேன் என்கிறாள். "இது அவங்க பாத்துப் பாத்துக் கட்டுன ரூம். நான் இங்கனயே இருக்கேன். நீ வேணும்னா சிம்ம மாத்து" என்றாள். சரி என்று களத்தில் குதித்தேன்.

நீ கிண்டல் பண்ணுவாயே, யூடியூபில் அந்தச் சிக்னல் சித்தப்பா சேனல், அவர் வீடியோ அத்தனையையும் மறுபடி பார்த்தேன். (அவர் என் கமென்டுக்கு ஹார்ட் போட்டிருக்கிறார், தெரியுமா? ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.) அவர் எப்போதும் சொல்வது, நிற்கிற இடத்தில் சிக்னல் பார்க்காதே, படுக்கிற இடத்தில் பார் என்பதுதான். ஆனால் அவசரப்பட்டு அதை நானே மறந்தேன். குற்றாலத்தில் சீசன் அல்லவா, அருவிக்குப் போகிற ரோட்டில் குடை விரித்து சிம் விற்கிறார்கள். தாரா சிம் கம்பெனிக் குடைக்காரர், "அருவிக்கு அடியில நின்னாலும் ஃபுல் டவர் எடுக்கும், தங்கச்சி" என்றார். "அருவிக்கு அடியில யாரு குடியிருக்கா அண்ணாச்சி, எங்க வீட்டுப் பின் ரூம்ல எடுக்குமா?" என்று கேட்டேன். பக்கத்தில் ஈரத் தலையோடு நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் அவர் வாய்ச் சாமர்த்தியத்தில் மயங்கி ஒன்றை வாங்கி வந்தேன். பின் ரூமில் ஒரு கட்டம்கூட இல்லை. உம்மாவிடம் வாங்கிய ஏச்சை இங்கே எழுத இடம் போதாது.

அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. மத்தியானம் பீடி சுற்ற நம் ஹாலில் அக்காமார் கூடுவார்களே, ஆளுக்கு ஒரு கம்பெனி சிம். எதற்குக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்க வேண்டும்? எல்லோரையும் முறத்தோடு பின் ரூமுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். மதினியை உம்மா முன் வாசலுக்கு அனுப்பிவிட்டாள், இலைத் தூள் நெடி அவளுக்கு இப்போது ஆகாதாம். அக்காமார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏட்டி, மாப்பிள்ள பாக்க வந்த மாதிரி வரிசையா உக்கார வச்சிருக்கியே, யாரு போன் பாசாகுதுன்னு சொல்லு" என்று ஒரே கூத்து. நான் மாடியில் நின்று ஒவ்வொரு நம்பராக அடித்தேன். சிலதுக்கு மணியே போகவில்லை. சிலதில் குரல் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது.

அலிமா அக்காவின் பட்டன் போன் இருக்கிறதே, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்குமே, அதற்கு நான் அடிக்கவே இல்லை. எதற்கு வீண் வேலை என்று இருந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பின் ரூமில் இருந்து மணிச் சத்தம், மாடி வரைக்கும் கேட்கிறது! தோஹாவில் இருந்து அவள் மாப்பிள்ளை. நான் கீழே ஓடினேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இடத்திலேயே அவள் பேசுகிறாள், மச்சான் அந்தப் பக்கம் இருமுவதுகூட அறை முழுக்கக் கேட்கிறது. அக்காமார் கையில் இலையோடு அப்படியே நிறுத்திவிட்டார்கள். அவளோ வெட்கப்பட்டுக்கொண்டு, "எல்லாரும் கேக்காளுவ, அப்புறமாப் பேசுங்க" என்று வைத்துவிட்டாள். என்ன சிம் தெரியுமா? கூவல்! யாருமே மதிக்காத கூவல். நெட் ஆமை வேகம்தான். ஆனால் பேச்சு கண்ணாடி மாதிரி. ஜன்னலுக்கு நேராக, தோப்புக்கும் மலைக்கும் நடுவில் அவர்களுக்கு ஒரு டவர் இருக்கிறதாம். இரண்டு நாள் அலிமா அக்காவின் போனைக் கடன் வாங்கிக் காலை, மாலை, சாரல், வெயில் எல்லாவற்றிலும் சோதித்துவிட்டேன். விழவே இல்லை.

புது கூவல் சிம் ஒன்று வாங்கிவிடலாம் என்றேன். மதினி சட்டென்று தலையை ஆட்டினாள். "நம்பர் மாறக் கூடாது. அவங்க கோவம் தணிஞ்சு கூப்பிடுதப்ப இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. அப்ப நான் இல்லாமப் போயிரக் கூடாது" என்றாள். அண்ணா, அவள் உன்மேல் கோபமாக இருப்பாள் என்றுதான் நான்கூட நினைத்திருந்தேன்.

அதனால் செங்கோட்டை அருமைநாயகம் அண்ணாச்சி கடையில் நம்பர் மாறாமல் கம்பெனியை மட்டும் மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறோம். "வெள்ளிக்கிழம ராத்திரியோட மாறிரும்மா, பழைய சிம் செத்ததும் புதுசப் போட்டுக்கோ" என்றார். நாளைக்கு ராத்திரிதான் மன்சூர் அண்ணன் திருவனந்தபுரத்தில் ஃபிளைட் ஏறுகிறார். அவர் வந்து இதை உன் கையில் தரும்போது பின் ரூமில் கூவல் ஓடிக்கொண்டிருக்கும். இனி மலையாளக்காரி பேச மாட்டாள்.

மன்சூர் அண்ணனே ஒரு போன் போட்டு உனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். மதினிதான் வேண்டாம் என்றாள். உன்னிடம் பேச வேண்டியது ஒன்று இருக்கிறதாம். அதை அவள்தான் சொல்வாளாம், அதுவும் உன் குரலைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வாளாம். மெசேஜில் சொல்கிற விஷயம் இல்லையாம். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதுவரைக்கும் திறக்கவில்லை, நீயே சாட்சி. எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்!

இதை எழுதும்போது உம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். அடுத்து ஊருக்கு வருகிறவர்களிடம் வழக்கம்போலக் கோடாலித் தைலம் கொடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இந்தத் தடவை தைலம் வேண்டாமாம். "நல்ல குங்குமப்பூவாப் பாத்து வாங்கச் சொல்லு" என்கிறாள். இதையும் எழுதலாமா என்று மதினியைப் பார்த்தேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். உம்மா சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான். நான் எதுவும் சொல்லவில்லை.

அண்ணா, படித்து முடித்ததும் கூப்பிடு. மணி அடித்ததும் எடுப்பாள், போன் ஜன்னல் கட்டையில்தான் இருக்கும். எடுத்ததும் நீ சலாம் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இரு. விளக்கம் சொல்லாதே, மன்னிப்பும் கேட்காதே. அவளை முதலில் பேச விடு. நீ கேட்டு முடித்த பிறகு இந்தக் கடிதத்தின் மேலே போய், நான் காலியாக விட்ட வரியை நீயே நிரப்பிக்கொள்.

அல்லாஹ் உன்னையும் மதினியையும் நம் வீட்டில் உள்ள எல்லோரையும், இனி வருகிறவர்களையும் சலாமத்தாக வைப்பானாக.

உன் போனுக்காகக் கதவுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கப் போகும்,
ஹம்னா