பைரைட் இருந்த இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். சுரங்க வேலை எப்படிப் போகிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

முதலில் கெட்ட செய்தி. எங்கள் அருங்காட்சியகத்துக்கு நீ கொடுத்த பைரைட் கல்லுக்கு நோய் வந்துவிட்டது. சிரிக்காதே, நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மழையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரம் புகுந்து, அந்தத் தங்க நிறக் கட்டிகளின் இடுக்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. திறந்தால் தீக்குச்சி வாடை. அதிலிருந்து கசியும் அமிலம், எங்கே எடுத்தது என்று எழுதிய அட்டையைத் தின்றுவிட்டது. அந்த விவரம் போனால் அது வெறும் கல் என்பதால் புதிதாக எழுதிவிட்டேன். நீ அதை எடுத்த சுரங்கக் குழியையும் மூடிவிட்டார்கள், இப்படி இன்னொன்று கிடைக்காது. தண்ணீர் காட்டாமல் தூரிகையால் பொடியைத் தட்டி, உலர்த்தி, ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலத்தோடு உறைக்குள் அடைத்தேன். காலி இடத்தில் 'பராமரிப்பில் உள்ளது' என்று அட்டை வைக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன்.

அங்கேதான் வம்பு. உனக்கு இதுவரை சொல்லவில்லை. அப்பா வியாழக்கிழமைதோறும் உன் கல் இருக்கும் கூடத்துக்கு வருவார். "கல்லையே கட்டிக்கிட்டு அழு" என்று திட்டி உன்னை வீட்டைவிட்டு அனுப்பிய அதே அப்பாதான். கேட்டால், "வீட்டுல புழுக்கம், இங்க ஏசி" என்பார். வேறு எந்தக் கல்லையும் அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

இந்த வியாழன் காவலர் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். அப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வெளுத்திருந்தது. "அவன் வந்து எடுத்துட்டுப் போயிட்டானா? என்னைப் பாக்காமலே போயிட்டானா?" என்றார்.

உள்ளறைக்குக் கூட்டிப்போய் உறையைக் காட்டினேன். சரியாகிவிடுமா என்று கேட்டார். உதிர்ந்தது உதிர்ந்ததுதான், இனி உதிராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "பத்திரமா வை. அவன் வந்து கேட்டா நாமதானே பதில் சொல்லணும்" என்றார். படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் பிடிக்க மாட்டார்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் கத்துவார். கல்லுக்கு அவசரமில்லை. அடைத்தாயிற்று, நீ எப்போது வந்தாலும் அப்படியே இருக்கும். அப்பாவை அப்படி வைக்க எனக்குத் தெரியாதுடா. லீவு கேள். கல்லைப் பார்க்க வந்ததாக நீ சொல், ஏசிக்கு வந்ததாக அவர் சொல்லட்டும்.

வியாழக்கிழமையாகப் பார்த்து நல்லபடியாக வந்து சேர்.

உன் அக்கா